மூசை ஏற்றுமதிக்கு அணு லைசென்ஸ் எதற்கு?

கேள்வி: சேலம் மாமாங்கத்தில் மக்னீசியா (மக்னீசியம் ஆக்சைடு) மூசை, அதாவது உலோகம் உருக்கும் பாத்திரம் (குரூசிபிள்), சுட்டு விற்கிறோம். துபாய் வியாபாரி ஒருவர் ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள 200 மூசைகள் கேட்கிறார். அணு ஆயுதப் பரவல் தடுப்பு விதிப்படி லைசென்ஸ் வேண்டும் என்கிறார் கஸ்டம்ஸ் ஏஜென்ட். மூசைக்கும் அணுகுண்டுக்கும் என்ன சம்பந்தம்? இந்த விதிகள் எதையாவது தடுத்திருக்கின்றனவா?

பதில்: உருகிய யுரேனியமும் புளூட்டோனியமும் சாதாரண மூசையை அரித்துவிடும், தூய மக்னீசியா தாங்கும். அதனால்தான் அது ‘ஸ்கோமெட்’ எனப்படும் இந்திய ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலின் நான்காம் பிரிவில் வருகிறது. கொள்ளளவு 150 சி.சி.க்கும் 8 லிட்டருக்கும் இடையில் இருந்து, மொத்த மாசும் எடையில் 2 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் லைசென்ஸ் கட்டாயம். வேறு மூசையின் மேல் தூய மக்னீசியா பூசினாலும் இதே விதிதான்.

கொள்ளளவுக்கு டிராயிங்கை நம்பாதீர்கள். சூளையில் மூசை சுருங்கும். சுட்ட மூசைக்குள் மெல்லிய பாலிதீன் பையை ஒட்ட விரித்து, விளிம்புவரை தண்ணீர் ஊற்றி அந்தத் தண்ணீரை எடை போடுங்கள். ஒரு கிராமுக்கு ஒரு சி.சி. பை இல்லாமல் ஊற்றினால் மூசைச் சுவர் உறிஞ்சி, கணக்கு கூடிவிடும். உள்விட்டம் 5, ஆழம் 7 செ.மீ. என்றால் சுமார் 137 சி.சி.தான், பட்டியலில் வராது. உங்கள் ஒரு லிட்டர் வரும்.

அடுத்தது மாசு. நம்மூர் வெள்ளைக்கல்லில் (மேக்னசைட்) சிலிக்கா இருப்பதால் 2 சதவீதத்தைத் தாண்ட வாய்ப்புண்டு. வெளியிலிருந்து வாங்கிய 98 சதவீதத்துக்கு மேற்பட்ட மக்னீசியா என்றால் மாட்டிக்கொள்வீர்கள். கல்லை அல்ல, சுட்ட மூசையை லேபுக்கு அனுப்புங்கள்.

பட்டியலில் வராவிட்டாலும் 2005-ஆம் ஆண்டுப் பேரழிவு ஆயுதச் சட்டம் இருக்கிறது. சரக்கு ஆயுதத்துக்குப் போகிறது என்று தெரிந்தே ஏற்றுமதி செய்வது குற்றம். கடைசியில் பயன்படுத்துபவர் யார் என்று சொல்ல மறுப்பது, பில்லில் ‘பீங்கான் சாமான்’ என்று போடச் சொல்வது, இவற்றில் எதைக் கண்டாலும் ஆர்டரைத் தொடாதீர்கள்.

தடுத்ததா என்றால், தடுத்திருக்கிறது. 2003 அக்டோபரில் லிபியாவுக்குப் போன ‘பிபிசி சைனா’ கப்பலை இத்தாலியில் நிறுத்தி, யுரேனியம் செறிவூட்டும் சென்ட்ரிஃபியூஜ் (அதிவேகச் சுழல் இயந்திரம்) பாகங்களை இறக்கினார்கள். அவை மலேசியாவில் ஒரு சாதாரண இன்ஜினியரிங் ஆலையில் செய்யப்பட்டு, துபாய் வழியாக வந்தவை. அந்த டிசம்பரிலேயே லிபியா அணு ஆயுதத் திட்டத்தைக் கைவிட்டது. வட கொரியாவிடம் இது பலிக்கவில்லை. 2006-இல் குண்டு வெடித்துப் பார்த்தது. முடிவெடுத்துவிட்ட அரசை ஏற்றுமதி விதி தாமதப்படுத்தும், நிறுத்தாது. பெரிய ஓட்டை இடைத்தரகர்தான். உங்கள் ஆர்டரும் அந்த வழியில்தான் வருகிறது.

ஆகவே இறுதிப் பயன்பாட்டுச் சான்றிதழை வியாபாரியிடம் மட்டும் வாங்கினால் போதாது. மூசையை உலையில் வைக்கப்போகும் நிறுவனமும் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அதோடு பர்ச்சேஸ் ஆர்டர், லேப் ரிப்போர்ட், டிராயிங் சேர்த்து டி.ஜி.எஃப்.டி. (வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம்) இணையதளத்தில் விண்ணப்பியுங்கள். பல அமைச்சகங்கள் சேர்ந்த குழு பார்ப்பதால் நாள் பிடிக்கும். லைசென்ஸ் கைக்கு வரும்வரை கப்பல் தேதி கொடுக்காதீர்கள். காகிதங்களை 5 ஆண்டு வைத்திருங்கள்.