பதில்: விரல் நுனி போச்சு, கிட்டாரை வித்துடவா?

ப்ரோ, லேத்துல மோதிர விரல் நுனி போயிடுச்சு, ஸ்ட்ரிங்கை அழுத்தினா உயிர் போகுது, எலக்ட்ரிக் கிட்டாரை வித்துடவானு கேட்டிருக்கீங்க, தயவுசெஞ்சு விக்காதீங்க. பிளாக் சப்பாத்ங்கிற ஹெவி மெட்டல் பேண்டோட கிட்டாரிஸ்ட் டோனி ஐயோமிக்கு 17 வயசுல பர்மிங்ஹாம் ஃபேக்டரில, வேலையோட கடைசி நாள்ல, ரெண்டு விரல் நுனி போச்சு, அதுவும் இடது கைப் பழக்கக்காரர், ஸ்ட்ரிங்கை அழுத்திப் பிடிக்கிற வலது கைலயே அடி. மனுஷன் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செஞ்சு, மேல தோல் ஒட்டி, மெல்லிசு ஸ்ட்ரிங் போட்டு வாசிச்சார். 1971 ஆல்பத்துல மூணு செமிடோன் (அதாவது ஒன்றரை டோன்) சுருதி இறக்கி டியூன் பண்ணார், ஸ்ட்ரிங் தளர்ந்து அழுத்த ஈசியாச்சு, அந்தக் கனமான சவுண்டைத்தான் இன்னைக்கும் மெட்டல் பசங்க பிடிச்சிட்டிருக்காங்க. முதல்ல புண்ணு ஆறட்டும், டாக்டர் ஓகே சொன்னதும் 08 செட் (ரொம்ப மெல்லிசு ஸ்ட்ரிங் செட்) போட்டு, அரை டோன் இறக்கி, ஆள்காட்டி விரல், சுண்டு விரல் வச்சு பவர் கார்டுல (ரெண்டே ஸ்வரம் சேர்ந்த எளிய கார்டு) ஆரம்பிங்க. பெண்டிங் (அழுத்தின ஸ்ட்ரிங்கைத் தள்ளி சுருதி ஏத்துறது) இப்போதைக்கு வேணாம்.