தரை துடைக்கும் தைலமும் இரண்டு வயதுக் குழந்தையும்

கேள்வி: பினாயில் புற்றுநோய் தரும் என்று யூடியூபில் பார்த்த பிறகு அதை நிறுத்திவிட்டு, பூந்திக்கொட்டைத் தண்ணீர், வினிகர், நீலகிரித் தைலம் என்று மாறிவிட்டேன். தைலத்தை மொத்தமாக வாங்கி, காலி குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி சிங்க்கின் கீழே வைத்திருக்கிறேன். இரண்டு வயது மகனுக்கு அடிக்கடி சளி பிடிக்கிறது. மாமியார் சர்க்கரையில் ஒரு சொட்டு தைலம் விட்டுக் கொடுக்கிறார். கர்ப்ப காலத்தில் பினாயில் வாடையை முகர்ந்ததுதான் இதற்குக் காரணமா? (வாசகி, கோத்தகிரி)

பதில்: இல்லை அம்மா, உங்களால் வந்த சளி இல்லை இது. இந்த வயதில் ஆண்டுக்கு 6 முதல் 8 முறை சளி பிடிப்பது இயல்புதான். மழைக்காலம் முழுக்க ஜன்னலைச் சாத்தி, எல்லோரும் ஒரே அறையில் முடங்கிக் கிடக்கும் மலை வீடுகளில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் தொற்றும். கர்ப்பத்தில் வீடு துடைத்தபோது முகர்ந்த வாடையை நினைத்து இனி தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த வீடியோக்களையும் பார்க்க வேண்டாம்.

பூந்திக்கொட்டைத் தண்ணீர் கண்ணில் பட்டால் எரியும். நன்றாகக் கழுவினால் போதும். வினிகரும் டைல்ஸ் தரைக்குக் கெடுதல் இல்லை, மார்பிள், சிமெண்டுத் தரையைத்தான் அரிக்கும். ஆனால் சுவர்ப் பூஞ்சையைப் போக்குவதற்காக பிளீச்சிங் பவுடரோடு அதைக் கலந்துவிடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் மூச்சு முட்டிவிடும்.

என்னைத் தூக்கிவாரிப் போட்டது சிங்க்கின் கீழே இருக்கும் அந்தக் குளிர்பானப் பாட்டில்தான். தைலம் பார்க்கத் தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும். இரண்டு வயதுக் குழந்தைக்கு அது எட்டும் உயரத்தில் இருக்கும் குளிர்பானம், அவ்வளவுதான். ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி, உள்ளே போனாலே சிறு குழந்தைக்கு உயிராபத்து நேரலாம். அதைவிடக் குறைந்த அளவிலும் நிலைமை மோசமாகியிருக்கிறது. தைலத்தில் இருக்கும் சினியோல் என்ற வேதிப்பொருள் மூளையைத் தாக்குகிறது. முதலில் வாய் எரிச்சலும் வாந்தியும் வரும். பிறகு, சில நிமிடங்களிலேயேகூட, குழந்தை தள்ளாடும், கண் சொருகும், வலிப்பு வரும்.

இங்கே கற்பூர மரம் என்று சொல்லும் யூகலிப்டஸ் மரத்து எண்ணெய் என்பதால் பழகிய பொருளாகத் தெரிகிறது. ஆஸ்திரேலியாவிலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் வந்து இந்த மலையில் நிலைத்த மரம் அது. மரத்திலிருந்து எடுத்தது என்பதற்காக அதன் நஞ்சு குறைந்துவிடாது. உங்கள் பினாயில் பாட்டிலில் எச்சரிக்கையாவது அச்சிட்டிருந்தது. இந்தப் பாட்டிலில் அதுவும் இல்லை.

சர்க்கரையில் விட்டுக் கொடுப்பதை இன்றே நிறுத்துங்கள். சொட்டு என்று தொடங்குவது அவசரத்தில் கை தவறி ஊற்றலாகிவிடும். அந்தத் தித்திப்பு பழகிய குழந்தை பாட்டிலைத் தானே தேடிப் போகும். மாமியார் பேரன்மேல் உள்ள பாசத்தில்தான் செய்கிறார், சந்தேகமில்லை. என் பெயரைச் சொல்லியே நிறுத்தச் சொல்லுங்கள். மூக்கிலும் நெஞ்சிலும் தடவுவதும் இந்த வயதில் வேண்டாம்.

தரை துடைக்கும் வாளித் தண்ணீரில் சில சொட்டு விடுவதால் கெடுதல் இல்லை. விடாவிட்டாலும் தரை சுத்தமாகத்தான் இருக்கும், சோப்புத் தண்ணீரே அழுக்கை எடுத்துவிடும். தைலம் வேண்டுமென்றால் சிறிய அளவில், அதற்கே உரிய மூடி போட்ட பாட்டிலில், பெயர் எழுதி, பூட்டு உள்ள அலமாரியில் வையுங்கள்.

மகன் குடித்துவிட்டான் என்று சந்தேகம் வந்தாலே போதும், அறிகுறிக்காகக் காத்திருக்க வேண்டாம். வாயில் விரல் விட்டோ உப்புத் தண்ணீர் கொடுத்தோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் நிலைமை இன்னும் மோசமாகும். 108-ஐ அழையுங்கள். பாட்டிலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ஊட்டிக்குத்தான் போக வேண்டும் என்று மலைப்பாதையில் நேரத்தை இழக்காமல், முதலில் கோத்தகிரியிலேயே அருகில் உள்ள மருத்துவமனையில் காட்டுங்கள்.