ஹங்கர் கேம்ஸ் நாவலை 12, 13 வயசு பிள்ளைங்களுக்குப் படிக்கக் குடுக்கலாமா?

உங்க பொண்ணுக்கு 12 முடிஞ்சு 13 நடக்குது, கிளாஸ்ல எல்லாரும் படிச்சிட்டாங்கன்னு ஹங்கர் கேம்ஸ் வேணும்னு அடம் பிடிக்கிறா, ஆனா பிள்ளைங்க ஒருத்தர ஒருத்தர் கொல்ற கதைன்னு கேள்விப்பட்டு பயமா இருக்குன்னு எழுதியிருக்கீங்க. முதல் புத்தகத்த தாராளமா குடுங்க, ஆனா நீங்க ஒரு தடவ படிச்சிட்டு குடுங்க. மூணாவது புத்தகம் மாக்கிங்ஜே மட்டும் இப்ப வேணாம். ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும், கதையும் நெறைய சொல்லிருவேன், அது தெரியாம நீங்க முடிவெடுக்க முடியாது.

அமெரிக்கா எல்லாம் அழிஞ்சுபோன பிறகு அந்த இடத்துல பனெம்னு ஒரு நாடு. பணக்காரத் தலைநகரம் கேப்பிட்டல், அதுக்கு அடங்கி இருக்க 12 டிஸ்ட்ரிக்ட். முன்னாடி ஒரு காலத்துல இந்த டிஸ்ட்ரிக்ட் ஜனங்க எதிர்த்துக் கெளம்பி தோத்துப் போயிட்டாங்க, அதுக்குத் தண்டனையா வருஷா வருஷம் ஒவ்வொரு டிஸ்ட்ரிக்ட்ல இருந்தும் 12லேருந்து 18 வயசுக்குள்ள ஒரு பையன் ஒரு பொண்ணுன்னு மொத்தம் 24 பேர சீட்டு குலுக்கி எடுத்து அடைச்ச காட்டுக்குள்ள விட்டுருவாங்க, கடைசில ஒருத்தர் மிஞ்சுற வரைக்கும் அடிச்சுக்கணும், அத ஊரே டிவில பாத்தாகணும். காட்னிஸ்க்கு 16 வயசு, நிலக்கரி வெட்டுற டிஸ்ட்ரிக்ட் 12. தங்கச்சி ப்ரிம்முக்கு 12தான், அவ பேரு வந்துருது, அவளுக்குப் பதிலா நான் போறேன்னு இவ முன்னாடி வந்து நிக்கிறா.

இத மட்டும் கேட்டா யாருக்கும் பகீர்னுதான் இருக்கும். அமெரிக்காவுலயே 2010, 2011 ரெண்டு வருஷமும் நூலகத்துல இருந்து எடுக்கச் சொல்லி அதிகமா புகார் வந்த புத்தகங்களோட லிஸ்ட்ல இது இருந்துச்சு, அந்த லிஸ்ட்ட வெளியிடுறது அந்த ஊர் நூலக சங்கம். வன்முறைன்னு சொன்னாங்க, அது உண்மை. ஆபாசம்னும் சொன்னாங்க, அப்படி ஒண்ணும் முதல் புத்தகத்துல கிடையாது. சில முத்தம் இருக்கு, அலங்காரம் பண்ற ஆளுங்க முன்னாடி காட்னிஸ் துணியில்லாம நிக்கிற ஒரு இடம் இருக்கு, ஏதோ சந்தைக்கு ஓட்டிட்டுப் போற மாட்டக் கழுவி விடுற மாதிரி அவளத் தேய்ச்சு விடுவாங்க, படிக்கிறப்ப நமக்கு அவமானமாதான் இருக்கும், வேற எதுவும் தோணாது. ஹேமிட்ச்னு ஒரு குடிகார ஆள் வர்றாரு, வாந்தி எடுத்து அதுலயே விழறார், அதயும் எழுத்தாளர் பெருமையா காட்டல.

கொலைய பத்தி சொல்லணும்னா, முதல் நாளே 11 பிள்ளைங்க செத்துப்போறாங்க. பெரும்பாலான சாவு பீரங்கி சத்தமா மட்டும்தான் வரும், ஒரு சத்தம்னா ஒரு உயிர். ஆனா சில சாவு பக்கத்துலயே நடக்கும். ரூன்னு ஒரு 12 வயசு பொண்ணு, விவசாயம் பண்ற டிஸ்ட்ரிக்ட் 11, காட்னிஸ்க்கு தங்கச்சி மாதிரி ஆயிருவா, அவ ஈட்டி பட்டு சாவா, காட்னிஸ் பாட்டு பாடி அவ மேல பூ வெச்சு மூடுவா. அதுக்கு ரூவோட ஊர் ஜனங்க, சாப்பாட்டுக்கே வழியில்லாதவங்க, காசு சேத்து ஒரு ரொட்டி அனுப்புவாங்க. நான் ரெண்டாவது தடவ படிக்கறப்பவும் அந்த ரொட்டி வர்ற இடத்துல புத்தகத்த மூடி வெச்சிட்டேன். உங்க பொண்ணும் அழுவா, அழட்டும், ஒரு பிள்ளை செத்ததுக்கு அழறது தப்பே இல்ல.

இப்ப நான் பண்ண தப்ப சொல்றேன். என் அக்கா பொண்ணுக்கு 13 நடக்கறப்ப நான்தான் இத வாங்கிக் குடுத்தேன். அதுக்கு ஒன்றரை வருஷம் முன்னாடிதான் மாமா ஹார்ட் அட்டாக்ல தவறிட்டார். நான் ஈட்டி, கத்தி, ரத்தம் எல்லாத்தயும் யோசிச்சு, பரவால்ல இவ தாங்குவான்னு குடுத்துட்டேன். ஆனா ரெண்டாவது சாப்டர்ல என்ன இருக்குன்னு யோசிக்கவே இல்ல. காட்னிஸ்க்கு 11 வயசுல அப்பா சுரங்க வெடிப்புல செத்துப்போறார், அம்மா அப்படியே ஒடஞ்சு போயிருவாங்க, சமைக்க மாட்டாங்க, பேச மாட்டாங்க, பிள்ளைங்க பசில சுருண்டு கெடந்தாலும் ஒரு இடத்தயே வெறிச்சுப் பாத்துட்டு இருப்பாங்க. காட்னிஸ் ப்ரிம்மோட பழைய குழந்தைத் துணிய மழையில விக்கப்பாத்து ஒருத்தரும் வாங்காம, பேக்கரி குப்பைத்தொட்டிய துழாவிட்டு நிப்பா. அப்பதான் பேக்கரி பையன் பீட்டா வேணும்னே ரொட்டிய கருக விட்டு, அவன் அம்மாகிட்ட அடி வாங்கிட்டு, ரெண்டு ரொட்டிய இவ பக்கம் தூக்கிப் போடுவான்.

அக்கா பொண்ணு அத படிச்ச அன்னைக்கு ராத்திரி பத்து மணிக்கு மேல எனக்கு போன் பண்ணினா. சண்டை நடக்கற அந்தக் காடே கதையில இன்னும் வரல, ஒரு கொலை கூட நடக்கல. "சித்தி, அந்த அம்மா எப்ப எந்திரிப்பாங்கன்னு மட்டும் சொல்லு"ன்னா. எனக்கு ஒரு நிமிஷம் வாயே வரல. எந்திரிப்பாங்கடா, கொஞ்சம் கொஞ்சமா எந்திரிப்பாங்க, மூலிகை வெச்சு ஊருக்கே வைத்தியம் பாப்பாங்கன்னு சொன்னேன். மூணாவது சாப்டர்ல காட்னிஸ் கெளம்பறப்ப அம்மாகிட்ட இந்த தடவ அப்படி விட்டுட்டுப் போயிரக்கூடாதுன்னு கத்துவா, அத படிச்சிட்டு மறுபடி கூப்ட்டா, காட்னிஸ் கத்துனது சரிதான்னா. உனக்கும் உங்க அம்மா மேல கோவமான்னு கேட்டேன். ரொம்ப நேரம் அழுதா, அப்புறம் பேசினா, அவ அப்பா போனதுக்கப்புறம் அவ்ளோ நேரம் அவ பேசி நான் கேட்டதே இல்ல. அதனால குடுத்தது தப்புன்னு இப்பவும் சொல்ல மாட்டேன், ஆனா அந்த ராத்திரி நான் போன் எடுக்காம தூங்கியிருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனைச்சா இப்பவும் வயிறு கலங்குது. அதனாலதான் உங்ககிட்ட வயசு மட்டும் பாக்காதீங்கன்னு சொல்றேன். வீட்ல சமீபத்துல ஏதாச்சும் சாவு, யாராச்சும் மன அழுத்தத்துல படுத்திருக்காங்க, சாப்பாட்டுக்கே கஷ்டப்பட்ட காலம், இதெல்லாம் இருந்தா ரெண்டாவது சாப்டர உங்க பொண்ணு கூடவே உக்காந்து படிங்க.

சாப்பாடுன்னு சொன்னதும் இன்னொண்ணு. பேர்லயே பசி இருக்கு, அத நம்ம கவனிக்காம சண்டையவே பேசறோம். 12 வயசுல பேரு ஒரு தடவ சீட்டுல விழும், வருஷத்துக்கு ஒண்ணா கூடும், ஆனா ஏழைப்பட்டவங்க கூடுதலா பேர எழுதிக்குடுத்தா ஒரு ஆளுக்கு ஒரு வருஷத்துக்கு கொஞ்சம் தானியமும் எண்ணெயும் கெடைக்கும். காட்னிஸ் பேரு 20 தடவ இருக்கு, அவ நண்பன் கேல் பேரு 42 தடவ. இந்தக் கணக்க உங்க பொண்ண போட்டுப் பாக்கச் சொல்லுங்க, சரியா வரும். அக்கா பொண்ணு நோட்டு எடுத்து போட்டா, போட்டுட்டு அப்ப பணக்காரப் பிள்ளைங்க பேரு மட்டும் ஏன் கம்மியா இருக்குன்னு அவளே கேட்டா.

படத்த முதல்ல காட்டிராதீங்க. 2012ல வந்துச்சு, பிரிட்டன்ல 12 வயசுக்காரங்க பாக்கணும்னு 7 செகண்ட் வெட்டித்தான் விட்டாங்க, அதனால ரத்தம் ஒண்ணும் பெருசா இல்ல. என் பிரச்சன வேற. புத்தகத்துல முழுக்க காட்னிஸ் கண்ணு வழியாத்தான் பாப்போம், அவ பயம் நம்ம பயம். படத்துல ஸ்கிரீனுக்கு இந்தப்பக்கம் பாப்கார்ன் வெச்சிட்டு கேப்பிட்டல் ஜனங்க மாதிரி பாத்துட்டு இருப்போம். எழுதுன சூசன் காலின்ஸ் டிவில சேனல் மாத்திட்டு இருந்தப்ப ஒரு பக்கம் ரியாலிட்டி போட்டியும் இன்னொரு பக்கம் ஈராக் போரும் ஓடி ரெண்டும் கலந்து தெரிஞ்சதுல இருந்துதான் இந்தக் கதை வந்துச்சுன்னு சொல்லியிருக்காங்க, அவங்க அப்பாவும் வியட்நாம் போருக்குப் போனவர். போர் வீட்டுக்கு என்ன பண்ணும்னு தெரிஞ்சு எழுதுனது, அத முதல்ல எழுத்துல படிக்கட்டும்.

மூணாவது புத்தகம் ஏன் வேணாம்னா, அதுல பீட்டாவ சித்திரவதை பண்ணி மூளைய மாத்தி காட்னிஸயே கொல்ல வரவெப்பாங்க, ஃபின்னிக்னு ஒரு இளைஞன ஜனாதிபதி காசுக்கு ஆளுங்ககிட்ட அனுப்புனத அவனே சொல்லுவான், கடைசில எந்தத் தங்கச்சிய காப்பாத்த இவ்ளோவும் ஆரம்பிச்சுதோ அந்த ப்ரிம்மே குண்டுல போயிருவா. அதுக்கு 15 வயசு ஆகட்டும். ரெண்டாவது புத்தகம் படிக்கலாம், ஆனா அது நடுவுல தொங்கவிட்டு முடியும், மூணாவது உடனே வேணும்னு நச்சரிப்பா, அதுக்குத் தயாரா இருங்க.

முதல் புத்தகத்துல மொத்தம் 27 சாப்டர். 2ம் 3ம் அம்மா விஷயம், 18 ரூ. 25ல கேட்டோங்கிற பையன மிருகங்க ராத்திரி முழுக்க கொதறும், காட்னிஸ் கடைசில இரக்கப்பட்டு அம்பு விட்டு முடிப்பா, எனக்கு இதுதான் எல்லாத்தயும் விட கஷ்டமா இருந்துச்சு. அந்த சாப்டர படுக்கப்போற நேரத்துல படிக்க விடாதீங்க, லீவு நாள் பகல்ல, நீங்க வீட்ல இருக்கறப்ப படிக்கட்டும்.