சீனத்து ‘மா’வும் நம்ம ‘மா’வும்

கேள்வி: சீன மொழியில் ‘மா’ என்றால் குதிரையாம். நம் பழைய இலக்கியத்திலும் ‘மா’ என்றால் குதிரை. அப்படியானால் இரண்டும் ஒரே சொல்தானே?
– ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: இல்லைங்க. ஒலிதான் ஒத்துப்போகிறது, உறவு கிடையாது. நம் ‘மா’ பொதுவாக விலங்கு. அரிமா சிங்கம், பரிமா குதிரை, துதிக்கை இருப்பதால் கைம்மா யானை. போர்க்களம் பற்றிய பேச்சில் வெறும் ‘மா’ வந்தால் இடம் பார்த்துக் குதிரை என்று கொள்கிறோம். 814-ஆம் குறளில் வரும் ‘கல்லாமா’ பழக்கப்படாத போர்க்குதிரைதான்.

சீனத்தில் குரலை இறக்கி ஏற்றிச் சொன்னால் மட்டுமே அது குதிரை. உயர்த்திய குரலில் ஒரே சீராக நீட்டினால் அம்மா, வெடுக்கென்று இறக்கினால் திட்டுவது! அந்தக் குதிரைக்கு மங்கோலியர் ‘மோரி’ என்கிறார்கள், கொரியர் ‘மல்’ என்கிறார்கள், ஆக சொந்தம் தேடினால் வடக்கே புல்வெளிப் பக்கம்தான் போக வேண்டும். நமக்கோ குதிரை கடல்வழியே வந்தது, ‘நீரின் வந்த நிமிர்பரிப் புரவி’ என்று பட்டினப்பாலையே சொல்லிவிட்டது.

உதட்டை மூடித் திறந்தாலே வந்துவிடும் ஒலி இது, அதனால் ஊருக்கு ஊர் ஒரு ‘மா’ இருக்கும். இத்தாலியில் ‘ஆனால்’. அரபியில் ‘என்ன’. ஜப்பானில் இரண்டுக்கு நடுவே விடும் இடைவெளி. சமஸ்கிருதத்தில் ‘வேண்டாம், கூடாது’. பறவையைக் கொன்ற வேடனைப் பார்த்து வால்மீகி சொன்ன ‘மா நிஷாத’ சுலோகம் தொடங்குவது அந்த ‘மா’வில்தான்.

நீங்கள் டெல்டாக்காரர், ‘அஞ்சு மா நிலம்’ என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அந்த ‘மா’ ஒரு பின்னம், இருபதில் ஒரு பங்கு. வேலி என்ற நில அளவை இருபதாகப் பிரித்தால் ஒரு மா, சுமார் 33 சென்ட். எனக்கு மிகவும் பிடித்த ‘மா’ இதுதான், வாய்ப்பாட்டில் இருந்து நேராக வயலுக்குப் போன சொல். இலங்கைத் தமிழர் ‘கோதுமை மா’ என்பது நம்முடைய மாவு.

சரி, மொழி தாண்டிய உறவுதான் வேண்டும் என்றால் மாமரத்தடிக்கு வாருங்கள். நம் மாங்காய் மலையாளத்தில் மாங்ங, மலாயில் மங்கா. 1498-இல் கோழிக்கோட்டுக்கு வந்த போர்த்துக்கீசியர் அதையே தங்கள் மொழிக்கு எடுத்துப்போனார்கள், அப்புறம் ஆங்கிலத்தில் அது மேங்கோ ஆனது.