ஸ்பெயினின் கத்தலோனியாப் பகுதியை சேர்ந்த கார்தோனா பிரபுக்களை "கிரீடம் இல்லாத அரசர்கள்" என்று ஏன் சொல்கிறார்கள்?

உப்புதான் காரணம். கோட்டை, படை, பட்டம் எல்லாம் அதற்கு அப்புறம் வந்தவை என்பது என் கருத்து.

பார்சலோனாவுக்கு வடமேற்கே கார்தனேர் ஆற்றங்கரையில், ஒரு குன்றின் உச்சியில் கார்தோனா கோட்டை நிற்கிறது. பக்கத்திலேயே உப்பு மலை. கடல்நீரைக் காய்ச்சத் தேவையில்லை, பாறையாக வெட்டி எடுக்கலாம். எப்ரோ ஆற்றுக்கு இந்தப் பக்கம், முழுக்க உப்பாலான ஒரு மலை இருக்கிறது, வெட்ட வெட்ட அது வளர்கிறது என்று ரோமானியரான கேட்டோ கிமு 2ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார். அவர் சொன்னது இந்த மலையைத்தான் என்று பலரும் கருதுகிறார்கள். இறைச்சியைக் கெடாமல் வைக்கவும் ஆடுமாடுகளுக்குக் கொடுக்கவும் உப்பு வேண்டியிருந்த காலத்தில், அந்த மலை யாரிடம் இருந்ததோ அவரிடம் பணம் ஓயாமல் வந்தது.

985இல் தெற்கு ஸ்பெயினின் முஸ்லிம் அரசை வழிநடத்திய அல்-மன்சூரின் படை பார்சலோனாவைச் சூறையாடியது. மறு ஆண்டே பார்சலோனாவை ஆண்ட கவுண்ட் (பிரபுப் பட்டம்) இரண்டாம் பொரெல், எல்லைப்புறமான கார்தோனாவில் மக்கள் குடியேறுவதற்காகச் சலுகைகளோடு ஒரு சாசனம் கொடுத்தார். அங்கே ஆதிக்கம் பெற்ற ஓசோனா வைகவுண்ட் (கவுண்டுக்கு அடுத்த நிலைப் பட்டம்) குடும்பம் பிற்பாடு ஊரின் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டது. கோட்டைக்குள் இருக்கும் சான் விசென்ஸ் தேவாலயம் 1040இல் அர்ப்பணிக்கப்பட்டது. அலங்காரமே இல்லாத அந்தக் கல் கட்டடம் இன்றும் பிரமிக்க வைக்கிறது.

இவர்களின் பலத்தைக் காட்ட எனக்குப் பிடித்த உதாரணம் ரமோன் ஃபோல்க். 1280இல் மற்ற பிரபுக்களோடு சேர்ந்து கத்தலோனியாவையும் ஆண்ட அரகோன் அரசர் பெத்ரோவை எதிர்த்தார். பலகேர் நகரில் முற்றுகைக்கு உள்ளாகிப் பணிந்தார். ஐந்தே ஆண்டுகளில் பிரெஞ்சுப் படை ஜிரோனாவைச் சூழ்ந்தபோது, அதே அரசருக்காக அந்த நகரைக் காத்தவரும் அவரே! தண்டித்து ஒதுக்கிவிட முடியாத அளவுக்கு அரசருக்கு இவர் தேவைப்பட்டார்.

இந்த ஆட்சிப் பகுதி ஒரே துண்டு நிலம் அல்ல. லெய்தா சமவெளியின் அர்பேகா போல அங்கங்கே சிதறிய ஊர்களும் அதில் சேர்ந்தன. 1375இல் கவுண்ட் பட்டமும், 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் டியூக் பட்டமும் கிடைத்தன. ஆண்வழி அற்றுப்போனதும், திருமணங்கள் வழியாக எல்லாம் 17ஆம் நூற்றாண்டில் மெதினாசேலி என்ற காஸ்தில் பிரபுக் குடும்பத்துக்குப் போயின.

கோட்டை மட்டும் சளைக்கவில்லை. ஸ்பெயின் அரியணைக்காக நடந்த போரில், 1714 செப்டம்பர் 11இல் ஐந்தாம் பிலிப் அரசரின் படையிடம் பார்சலோனா வீழ்ந்த பிறகும் ஒரு வாரம் தாக்குப்பிடித்தது. இப்போது அது அரசு நடத்தும் ஹோட்டல். அங்கே போனால் கோட்டையோடு திரும்பிவிடாதீர்கள், உப்புச் சுரங்கத்துக்குள்ளும் இறங்கிப் பாருங்கள்.