ஃபாரெக்ஸ் கார்டு: லோடு செய்வது முதல் மீதியைத் திரும்ப வாங்குவது வரை

ஃபாரெக்ஸ் கார்டு, அதாவது வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றிக்கொண்டு போகும் கார்டு பற்றி, வெளிநாடு கிளம்புகிறவர்கள் அனுப்பிய கேள்விகளும் பதில்களும். கணக்கு எளிதாக இருக்க டாலர் 90 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். நீங்கள் வாங்கும் நாளின் ரேட்டைப் போட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மதுரை வாசகர்: அண்ணா, பாரிஸ் ஆறு நாள், சுவிட்சர்லாந்து நாலு நாள். டாலராகவே போட்டுக்கொண்டால் எல்லா இடத்திலும் செல்லும் என்கிறார் ஏஜென்ட். அப்படியே செய்யலாமா?

செல்லும், ஆனால் ஒவ்வொரு பில்லுக்கும் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கும். பில் எந்தப் பணத்தில் வருகிறதோ, கார்டுக்குள்ளும் அதே பணம் இருந்தால்தான் ஃபாரெக்ஸ் கார்டால் லாபம். மற்ற கேள்விகளுக்கும் பாதிப் பதில் இதற்குள்ளேயே இருக்கிறது.

ரூபாய் கொடுத்து டாலர் வாங்கும்போதே வங்கிக்கு ஒரு மார்ஜின் (லாபப் பங்கு) போய்விடுகிறது. பாரிஸில் 100 யூரோவுக்குத் தேய்த்தால் டாலர் மறுபடி யூரோவாக மாற வேண்டும். அதற்குக் கிராஸ் கரன்சி சார்ஜ் என்று பெரும்பாலான வங்கிகள் 2 முதல் 3.5 சதவீதம் வரை எடுக்கின்றன. 3.5 சதவீதக் கார்டில் 2,000 யூரோ செலவழித்தால் 70 யூரோ போய்விடும். அது ஒரு நாள் சாப்பாட்டுச் செலவு.

அதனால் பல கரன்சி போடக்கூடிய கார்டு வாங்கி, ஆறு நாளுக்கு யூரோ, நாலு நாளுக்கு சுவிஸ் ஃபிராங்க் என்று தனித்தனியாக ஏற்றுங்கள். சுவிஸில் சுற்றுலாப் பயணிகள் வரும் கடைகளில் யூரோ நோட்டையும் வாங்குவார்கள். ஆனால் ரேட் கடைக்காரர் வைத்ததுதான், மீதிச் சில்லறையும் ஃபிராங்கில்தான் வரும்.

ஃபிராங்க் கணக்கில் 60 இருக்கும்போது 80 ஃபிராங்க் பில் வந்தால் என்ன ஆகும் என்பதை வாங்கும்போதே கேளுங்கள். சில கார்டுகள் குறையும் 20ஐ யூரோ கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளும், சில முழு 80ஐயும் அடுத்த கணக்கிலிருந்து எடுக்கும், சில ‘டிக்ளைன்’ என்று நின்றுவிடும். கடையில் நின்றுகொண்டு இதைக் கண்டுபிடிக்க முடியாது.

மொத்தத்தையும் ஒரே தடவையில் போட வேண்டாம். உத்தேசச் செலவில் முக்கால் பங்கு போதும், மீதியை அங்கிருந்தே நெட் பேங்கிங்கில் ஏற்றலாம். ஆனால் சனி, ஞாயிறு அந்நியச் செலாவணிச் சந்தை கிடையாது. பல வங்கிகளில் வார இறுதியில் போட்ட ரீலோடு திங்கட்கிழமைதான் கார்டில் ஏறும். வெள்ளி மதியத்துக்குள் முடித்துவிடுங்கள்.

திருச்சி வாசகி: கடை மெஷினில் ‘ரூபாயில் கட்டணுமா, உள்ளூர்ப் பணத்திலா’ என்று கேட்டது. ரூபாய் என்றால் நமக்குக் கணக்குத் தெரியுமே என்று அதை அழுத்தினேன். தப்பா அண்ணா?

அம்மா, இனி எங்கே கேட்டாலும் உள்ளூர்ப் பணம் என்றே அழுத்துங்கள். துபாயில் திர்ஹாம், லண்டனில் பவுண்டு.

இதற்கு டைனமிக் கரன்சி கன்வெர்ஷன், சுருக்கமாக டிசிசி என்று பெயர். கார்டின் முதல் எண்களை வைத்து, அது இந்தியாவில் கொடுத்தது என்று மெஷின் தெரிந்துகொள்ளும். உடனே ரூபாய்த் தொகையைக் காட்டும். அந்த ரேட்டை வைப்பது கடையின் வங்கி, அதில் அவர்களுடைய லாபமும் சேர்ந்திருக்கும். ஃபாரெக்ஸ் கார்டுக்கு இதில் இரட்டை நஷ்டம். கார்டுக்குள் ரூபாயே இல்லை, திர்ஹாம்தான் இருக்கிறது. திர்ஹாம் பில் ரூபாயாக மாறி, அந்த ரூபாயைக் கட்ட உங்கள் திர்ஹாம் மறுபடி மாறும், அதற்கும் கிராஸ் கரன்சி சார்ஜ் விழும். சில கார்டுகள் ரூபாய் பில்லை ஏற்கவே ஏற்காது. கார்டில் பணம் இருந்தும் டிக்ளைன் ஆவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மெஷினை உங்கள் கையில் தராமல் கடைக்காரரே அழுத்திவிடுவதும் நடக்கும். கையெழுத்துப் போடும் முன் ஸ்லிப்பில் என்ன கரன்சி என்று பாருங்கள். ரூபாய் என்று இருந்தால் ‘வாய்ட்’ (ரத்து) செய்து மறுபடி போடச் சொல்லலாம், அது உங்கள் உரிமை.

ஈரோடு வாசகர்: வாங்கப் போகும்போது என்ன கேட்க வேண்டும், என்ன கொண்டுபோக வேண்டும்?

பாஸ்போர்ட், பான் கார்டு, டிக்கெட். விசா தேவைப்படும் நாடு என்றால் விசா நகல். அங்கே ஏ2 படிவத்தில் (பணம் எதற்காக என்று சொல்லும் படிவம்) கையெழுத்துப் போட வேண்டும். பயணத்துக்கு முந்தைய 60 நாளுக்குள் வாங்கலாம். 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்து வாங்க முடியாது, வங்கிக் கணக்கிலிருந்துதான் கட்ட வேண்டும்.

‘கமிஷன் இல்லை’ என்ற போர்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். லாபம் ரேட்டுக்குள் இருக்கும். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: “1,000 டாலர் என் கார்டில் ஏற, எல்லாம் சேர்த்து நான் எத்தனை ரூபாய் கட்டணும்?” மூன்று இடத்தில் ஒரே நாளில், ஒரே மணி நேரத்துக்குள் கேளுங்கள். கார்டு கட்டணம், ரீலோடு கட்டணம், ஜிஎஸ்டி எல்லாம் அந்த ஒரு தொகைக்குள் வந்துவிடும்.

ஜிஎஸ்டியை நீங்களே சரிபார்க்கலாம். மாற்றும் தொகை ஒரு லட்சம் வரை என்றால் அதில் 1 சதவீதத்தைச் சேவையின் மதிப்பாக எடுத்து (குறைந்தது 250 ரூபாய்), அதற்கு 18 சதவீதம் வரி. 1,000 டாலருக்கான 90,000 ரூபாய்க்கு மதிப்பு 900, வரி 162 ரூபாய். ஒரு லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை மதிப்பு 1,000 ரூபாயும், லட்சத்துக்கு மேற்பட்டதில் அரை சதவீதமும். 2 லட்சத்துக்கு 1,500, வரி 270. இதைவிடப் பெரிய தொகையை ஜிஎஸ்டி என்று பில்லில் போட்டிருந்தால் விளக்கம் கேளுங்கள்.

நோட்டாக எடுத்துப்போக ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் மதிப்பு வரை அனுமதி, அதற்கு மேல் கார்டில்தான். சில நாடுகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. டாக்சி, தண்ணீர் பாட்டில், டிப்ஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்து 150, 200 டாலர் நோட்டு பெரும்பாலான ஊர்களுக்குப் போதும்.

திருநெல்வேலி வாசகர்: மகன் மேற்படிப்புக்கு மெல்போர்ன் போகிறான். வரி பிடிப்பார்கள் என்கிறார்களே ஐயா?

டிசிஎஸ்ஸைச் சொல்கிறீர்கள், வெளிநாட்டுக்குப் பணம் போகும்போது வங்கி முன்கூட்டியே பிடிக்கும் வரி. ஒரு நிதியாண்டில் ஒரு பான் எண்ணில் வெளிநாட்டுக்குப் போகும் பணம் 10 லட்சம் ரூபாய் வரை எதுவும் பிடிக்க மாட்டார்கள். இந்த வரம்பு 2025 ஏப்ரல் 1 முதல் இருக்கிறது, அதற்கு முன் 7 லட்சம். மேற்பட்ட தொகைக்குச் சுற்றுலா போன்ற செலவென்றால் 20 சதவீதம். கல்விக்கும் மருத்துவத்துக்கும் விகிதம் மிகக் குறைவு. வங்கிக் கல்விக் கடனிலிருந்து போகும் பணத்துக்கு டிசிஎஸ் கிடையாது. ஆகவே ஏ2 படிவத்தில் காரணம் ‘கல்வி’ என்றே பதிவாகிறதா என்று கண்ணால் பார்த்து, சேர்க்கைக் கடிதத்தின் நகலை இணைத்துவிடுங்கள். ‘சுற்றுலா’ என்று டிக் போட்டுவிட்டால் நீங்கள்தான் அலைய வேண்டும்.

பிடித்த பணம் போய்விடாது. உங்கள் பான் எண்ணுக்கான வரிக் கணக்கு அறிக்கையில் வரும், வருமான வரி ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாம். சம்பளக்காரராக இருந்தால் அலுவலகத்தில் தெரிவித்து சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கும் வரியிலேயே (டிடிஎஸ்) சரிசெய்யலாம்.

வேறு வேறு கடையில் வாங்கினாலும் 10 லட்சம் எல்லாம் சேர்த்துத்தான். வெளிநாட்டுக்குப் பணம் கொண்டுபோக, அனுப்ப ஆண்டு மொத்த வரம்பு ஒருவருக்கு 2,50,000 டாலர்.

இன்னொன்று. பையனுக்கு முதல் ஒரு மாதம், ஒன்றரை மாதம் மட்டும் கார்டு போதும். அங்கே வங்கிக் கணக்கு திறந்ததும் பணத்தை நேரே அனுப்புங்கள். கல்லூரிக் கட்டணத்தைக் கார்டில் ஏற்றிக் கட்டவே வேண்டாம், வங்கியிலிருந்து கல்லூரிக்கு நேரடியாக அனுப்பினால் ரேட்டைப் பேசிக் குறைக்க இடமிருக்கும்.

சென்னை வாசகர்: மீதிப் பணத்தை இங்கே கடையில் தேய்க்கலாமா?

முடியாது. இந்தியா, நேபாளம், பூட்டான் மூன்றிலும் ஃபாரெக்ஸ் கார்டுக்கு அனுமதி இல்லை. ரூபாயில் பில் போடும் இணையதளத்திலும் நிற்கும்.

கோவை வாசகர்: சிங்கப்பூர் ஹோட்டலில் ரூம் வாடகை முன்பே கட்டியாச்சு. இருந்தும் செக்-இன்னில் 200 டாலர் பிடித்தார்கள். இரண்டு வாரமாகியும் திரும்ப வரவில்லை.

அது செலவு அல்ல, நிறுத்திவைப்பு. ரூமில் ஏதாவது சேதமானால் எடுத்துக்கொள்ள ஹோட்டல் முன்கூட்டியே அடைத்துவைக்கும் தொகை. கிரெடிட் கார்டில் கடன் வரம்புதான் குறையும். உங்கள் கார்டிலோ உங்கள் சொந்தப் பணமே முடங்கிவிடும். ஹோட்டல் விடுவித்தாலும் வங்கியில் அது அவிழ 7 முதல் 30 நாள்கூட ஆகலாம். செக்-அவுட் ரசீதையும், தொகையை விடுவித்ததற்கான மின்னஞ்சலையும் வங்கிக்கு அனுப்பினால் சீக்கிரம் நடக்கும்.

அடுத்த முறை டெபாசிட்டுக்குக் கிரெடிட் கார்டைக் கொடுத்து, கடைசி பில்லை மட்டும் ஃபாரெக்ஸ் கார்டில் கட்டுங்கள். வாடகைக் கார் எடுப்பவர்களுக்கும் இதேதான். பல நிறுவனங்கள் ப்ரீபெய்டு கார்டை டெபாசிட்டுக்கு ஏற்பதே இல்லை. அமெரிக்காவில் பெட்ரோல் பம்பில் அஞ்சல் குறியீட்டு எண் கேட்டு நிற்கும், உள்ளே போய்க் கேஷியரிடம் தொகையைச் சொல்லிக் கட்டுங்கள். விமானத்துக்குள்ளும் ஐரோப்பாவின் சில டோல் கேட்களிலும் மெஷின் வங்கியைத் தொடர்புகொள்ளாமலே கார்டை ஏற்கும். இருப்பு எவ்வளவு என்று தெரியாமல் அவை ப்ரீபெய்டு கார்டை ஏற்க மாட்டா.

இதனால்தான் ஒரே கார்டை நம்பிப் போகாதீர்கள் என்கிறேன். செலவுக்கு ஃபாரெக்ஸ் கார்டு, டெபாசிட்டுக்குக் கிரெடிட் கார்டு.

சேலம் வாசகி: தாய்லாந்தில் ஏடிஎம்மில் எடுப்பதா, இங்கிருந்தே பாட் கொண்டுபோவதா?

தாய்லாந்து ஏடிஎம்கள் வெளிநாட்டுக் கார்டுக்கு ஒவ்வொரு தடவையும் 220 பாட், சில இடங்களில் அதற்கு மேலும் எடுக்கும். நம் வங்கி ஏறக்குறைய 2 டாலர் தனியாகப் பிடிக்கும். 2,000 பாட் எடுத்தால் அந்த 220 மட்டுமே 11 சதவீதம். 20,000 எடுத்தால் 1.1 சதவீதம். ஆகவே எடுப்பதென்றால் ஒரே தடவையில் மொத்தமாக எடுங்கள். கொஞ்சம் பாட் நோட்டை இங்கேயே வாங்கிப் போவது நல்லது.

கணக்கு வகை கேட்டால் ‘செக்கிங்’ அல்லது ‘கிரெடிட்’, சேவிங்ஸ் வேண்டாம். ஒன்றில் வராவிட்டால் மற்றதில் வரும். பின்னர் ஒரு ரேட்டைக் காட்டி ‘இந்த மாற்றத்தை ஏற்கிறீர்களா’ என்று கேட்கும். வேண்டாம் என்று அழுத்தினால் பணம் வராதோ என்று பயப்படாதீர்கள். மாற்றத்தைத்தான் மறுக்கிறீர்கள், பணம் பாட் நோட்டாக வரும்.

ராமநாதபுரம் வாசகர்: யாழ்ப்பாணம் போகிறோம். இலங்கை ரூபாய் ஏற்றலாமா?

நம் கார்டுகளில் இலங்கை ரூபாய் கிடையாது. டாலர் ஏற்றினால் ஒவ்வொரு தடவையும் கிராஸ் கரன்சி சார்ஜ்தான். டாலர் நோட்டு கொண்டுபோய் அங்கே வங்கியிலோ உரிமம் பெற்ற பணமாற்றுக் கடையிலோ மாற்றுவதே மேல், ரசீதைப் பத்திரமாக வையுங்கள். 2024 பிப்ரவரி முதல் நம் யுபிஐ அங்கே க்யூஆர் கோடு வழியே வேலை செய்கிறது. ஆப்பில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை இங்கிருக்கும்போதே இயக்கிக்கொள்ளுங்கள்.

காயல்பட்டினம் வாசகர்: உம்மாவை உம்ராவுக்கு அனுப்புகிறோம். கார்டு தொலைந்தால் என்ன செய்வது?

சவூதி ரியால் கணக்கில் ஏற்றிக் கொடுங்கள். இரண்டாவது கார்டு தரும் வங்கியாகப் பார்த்து, ஒன்றை உம்மாவின் கைப்பையிலும் மற்றதைக் கூடப் போகிறவரின் பெட்டியிலும் வையுங்கள். பின் நம்பரைக் கார்டு உறையில் எழுதாதீர்கள். மூன்று தடவை தவறாகப் போட்டால் கார்டு பூட்டிக்கொள்ளும், அதனால் கிளம்பும் முன் நம்பரை நாலைந்து முறை சொல்லிப் பழக்குங்கள்.

தொலைந்தால் முதலில் ஆப்பில் பூட்டு. ஃபோன் செய்வதென்றால், கார்டின் பின்னால் இருக்கும் 1800 எண் வெளிநாட்டிலிருந்து பெரும்பாலும் போகாது. +91 என்று தொடங்கும் எண்ணை வங்கியிடம் கேட்டு ஒரு தாளிலும் எழுதிக் கொடுங்கள். ஆப்பை நீங்களே ஊரிலிருந்து இயக்குவதாக இருந்தால் ஓடிபி எந்த ஃபோனுக்கு வரும் என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். பதிவு செய்த எண் உம்மாவுடையது என்றால் அந்த சிம்மில் ரோமிங் இருக்க வேண்டும். பல வங்கிகள் ஆன்லைன், டேப் (மெஷினில் தொட்டுக் கட்டுவது) இரண்டையும் அணைத்துத்தான் கார்டைத் தருகின்றன. டேப்பை இயக்கி, வரம்பைச் சின்னதாக வைத்துவிடுங்கள்.

வேலூர் வாசகர்: திரும்பி வந்ததும் மீதி 340 டாலர் இருக்கிறது. உடனே எடுப்பதா, வைப்பதா?

அடுத்த பயணம் ஓராண்டுக்குள் இருந்தால் வையுங்கள். ரூபாயாக மாற்றும்போது வங்கியின் வாங்கும் ரேட்தான் கிடைக்கும். டாலருக்கு 2 ரூபாய் குறைந்தாலே 680 ரூபாய் போகும், அதோடு ஜிஎஸ்டியும் கட்டணமும். திரும்பிய 180 நாளுக்குள் மீதியை ஒப்படைக்க வேண்டும் என்பது விதி, 2,000 டாலர் வரை அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. ஆனால் கார்டு சும்மா கிடந்தால் சில வங்கிகள் கட்டணம் பிடிக்கும். அதையும் கார்டின் காலாவதி மாதத்தையும் பார்த்து முடிவெடுங்கள்.

எடுப்பதென்றாலும் ஊருக்கு வந்த மறுநாளே ஓடாதீர்கள். ஹோட்டல் நிறுத்திவைத்தது, கடையிலிருந்து வர வேண்டிய ரீஃபண்ட், உணவகத்தில் பிறகு சேர்த்த டிப்ஸ் எல்லாம் வந்து முடிய ஒரு மாதம் ஆகும். கணக்கை மூடிய பிறகு வரும் ரீஃபண்டை வாங்குவதற்குள் அலைந்து ஓய்ந்துவிடுவீர்கள். 30 நாள் பொறுத்து, ஸ்டேட்மென்ட்டில் நிலுவை எதுவும் இல்லை என்று பார்த்த பிறகு விண்ணப்பம் கொடுங்கள்.