பாட்டியைப் பத்தி எழுதணும், எங்கேருந்து ஆரம்பிக்கறது?

கேள்வி: எங்க பாட்டி 94 வயசு வரைக்கும் இருந்து போன மாசம் தவறிட்டாங்க. பேரப்பிள்ளைங்க எல்லாரும் சேர்ந்து அவங்க ஞாபகமா ஒரு சின்ன புக் போடலாம்னு ஆரம்பிச்சோம். எல்லாரையும் எழுதச் சொன்னா "தங்கமான மனசு, யாரையும் வெறுங்கையோட அனுப்ப மாட்டாங்க"ன்னு ஒரே மாதிரி வருது. படிச்சா யாரோட பாட்டியா வேணா இருக்கலாம். என்ன பண்றது? – ஒரு பேத்தி

பதில்: முதல்ல உங்க எல்லாருக்கும் என் ஆறுதல். வயசானவங்கதானேன்னு சிலர் சொல்லுவாங்க, காதுல போட்டுக்காதீங்க, அத்தனை வருஷம் இருந்தவங்க இல்லாம போனா வீடே வேற மாதிரி ஆயிடும்.

"பாட்டியைப் பத்தி எழுது"ன்னா யாரா இருந்தாலும் பாராட்டிதான் எழுதுவாங்க. அதனால குரூப்ல கேக்காம ஒவ்வொருத்தருக்கா ஃபோன் போடுங்க. பாட்டி உனக்கு என்ன குடுத்தாங்க, அப்போ உன் நிலைமை என்ன, உனக்குத் தேவைன்னு அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு கேளுங்க. இந்த மாதிரி மனுஷங்க குடுத்ததுல பாதி வெளியவே தெரியாது, வாங்கினவங்களுக்கு கூச்சமா இருக்கக் கூடாதுன்னு அவங்களே மறைச்சிருப்பாங்க. என் பாட்டி போனப்புறம் ஒரு பழைய நோட்டு கிடைச்சுது, யாருக்கு எவ்வளவு கைமாத்து குடுத்தோம்னு எழுதி வெச்சிருந்தாங்க, அதுல நிறைய பேருக்கு கோடு போட்டு அடிச்சிருந்துது. பணம் திரும்ப வந்ததாலன்னு நினைச்சோம். அதுல ஒருத்தர் வந்து "நான் குடுக்கவே இல்லம்மா, பாட்டி கேக்கவும் இல்ல"ன்னு அழுதப்பதான் எங்களுக்கு விஷயமே தெரிஞ்சுது. உங்க பாட்டிக்கும் இப்படி சாட்சிங்க இருப்பாங்க, குடும்பத்துக்கு வெளியவும் தேடுங்க. ஆனா பேரைப் போடறதுக்கு முன்னாடி அவங்க சம்மதத்தைக் கேட்டுடுங்க.

பாட்டியோட தங்கச்சி, சின்ன வயசுத் தோழி யாராவது இருந்தா அவங்ககிட்ட முதல்ல போங்க. வயசானவங்களுக்கு 10லேருந்து 30 வயசுக்குள்ள நடந்ததுதான் நிறைய ஞாபகம் இருக்கும்னு ஞாபகசக்தி பத்தின ஆராய்ச்சிகள்ல திரும்பத் திரும்ப பாத்திருக்காங்க. பாட்டி ஆகறதுக்கு முன்னாடி அவங்க எப்படிப்பட்ட பொண்ணா இருந்தாங்கன்னு இவங்களாலதான் சொல்ல முடியும். எந்த வருஷம்னு கேட்டா தடுமாறுவாங்க, "மூத்த பிள்ளை பொறந்ததுக்கு முன்னாடியா, பின்னாடியா"ன்னு கேட்டா டக்குனு சொல்லிடுவாங்க. பாட்டி கோவப்பட்டது, பிடிவாதம் பிடிச்சது, தனக்குன்னு ஆசைப்பட்டு கிடைக்காம போனது, இதெல்லாமும் எழுதுங்க, விட்டுடாதீங்க. இதெல்லாம் இருந்தாதான் அது உங்க பாட்டி.

கேள்வி: எங்க அம்மா 89 வருஷம் வாழ்ந்தாங்க. படிக்கல, வேலைக்குப் போகல, வீட்டோடதான் இருந்தாங்க. எழுத என்ன இருக்குன்னு அண்ணன் கேக்கறார். – ஒரு வாசகர்

பதில்: நிறைய இருக்கு. தான்சானியாவுல ஹட்சான்னு வேட்டையாடி, கிழங்கு தோண்டி வாழற மக்கள் இருக்காங்க. கிறிஸ்டன் ஹாக்ஸ்ங்கற மானிடவியல் ஆய்வாளரும் கூட இருந்தவங்களும் 1980கள்ல அவங்களோட இருந்து பாத்தப்ப, வயசான பொம்பளைங்கதான் சளைக்காம கிழங்கு தோண்டிக்கிட்டு இருந்திருக்காங்க, தாய்க்கு அடுத்த குழந்தை பொறந்ததும் மூத்த குழந்தையோட வளர்ச்சி பாட்டி கொண்டுவர்ற சாப்பாட்டை நம்பித்தான் இருந்துது. 18, 19-ஆம் நூற்றாண்டு ஃபின்லாந்து, கனடா குடும்பப் பதிவுகளை வெச்சு 2004-ல ஒரு ஆய்வு வந்துது. 50 வயசுக்கு மேல ஒரு பொம்பளை வாழ்ந்த ஒவ்வொரு 10 வருஷத்துக்கும் சராசரியா ரெண்டு பேரப்பிள்ளைங்க கூடுதலா இருந்திருக்காங்க. வீட்டோட இருந்தாங்கன்னு அண்ணன் சொல்றது இந்த வேலையைத்தான். அம்மா தூக்கி வளர்த்த குழந்தைங்க எத்தனை, ராத்திரி கண்ணு முழிச்சு பாத்துக்கிட்ட நோயாளிங்க யார் யாருன்னு அவரையே ஒரு பேப்பர்ல எழுதச் சொல்லுங்க, பேப்பர் பத்தாது.

கேள்வி: பாட்டியோட பழைய போட்டோ, ஒரு கேசட் இருக்கு. எப்படி பத்திரப்படுத்தறது?

பதில்: கேசட்டை முதல்ல டிஜிட்டலா மாத்துங்க, காந்த நாடா வருஷம் ஆக ஆக கெட்டுப்போகும், ஓட்டற மிஷினும் கிடைக்காம போகும். சின்ன போட்டோவை 600 டிபிஐ-ல (படம் எவ்வளவு நுணுக்கமா வரணும்னு ஸ்கேனர்ல வைக்கற அளவு) ஸ்கேன் பண்ணுங்க. பின்னாடி பால்பாயின்ட் பேனாவால எழுதாதீங்க, அழுத்தம் முன்பக்கம் தெரியும், மெத்துன்னு எழுதற பென்சில் போதும். யார் யாருன்னு பேர் சொல்லத் தெரிஞ்ச பெரியவங்க இருக்கும்போதே உக்காந்து எழுதிடுங்க. மூணு காப்பி வெச்சு, ஒண்ணை வேற வீட்டுல குடுத்து வைங்க. அப்புறம் உங்க ஃபோன்ல "சாப்டியாப்பா"ன்னு அவங்க அனுப்பின வாட்ஸ்அப் வாய்ஸ் நோட் இருந்தா, ஃபோன் மாத்தறதுக்கு முன்னாடி, முடிஞ்சா இன்னைக்கே, அதை தனியா எடுத்து வெச்சிடுங்க.